பக்கத்து மேசைக்காரரோடு பழகிய விதம்

கடல் உயிரியல் படிக்க ஜெர்மனி போனேன். ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேசைக்காரர் வணக்கம் சொல்வார், அதோடு சரி. எங்கள் பாம்பனில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டே பழகிவிடலாம். அங்கே அது எடுபடவில்லை. தனிமை நெஞ்சை அடைத்தது.

வேலையைப் பற்றிக் கேட்டதில்தான் வழி திறந்தது. அவருடைய ஆய்வு கடற்புல். "எங்கள் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் படுகைகள் உண்டு, ஆவுளியா என்கிற கடற்பசு அதைத்தான் மேய்கிறது" என்றேன். நாற்காலியை என் பக்கம் திருப்பிவிட்டார். அப்புறம் கேள்வி மேல் கேள்வி. 21 தீவுகள், 1986-இல் அறிவித்த கடல் தேசியப் பூங்கா எல்லாம் சொன்னேன். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிச் சொன்னபோது அசந்துபோனார். என் அம்மாவும் அந்தத் தொழில்தான். வீடியோவில் அம்மாவிடமே பேச வைத்தேன். அம்மா தமிழில் சொல்லச் சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். பாசி வளரும் பாறைகளை அம்மா அறிந்திருக்கும் அளவுக்கு எந்தப் பாடநூலும் அறியாது. அதை அவரும் ஒத்துக்கொண்டார்.

இன்னொன்று: "ஒருநாள் சாப்பிடலாம்" என்று பொதுவாகச் சொல்லாமல், "வியாழன் பன்னிரண்டரைக்கு வருகிறீர்களா?" என்று நாளும் நேரமும் சொல்லிக் கேட்டேன். உடனே சம்மதித்தார். வியாழன்தோறும் சேர்ந்தே சாப்பிடுகிறோம்.