போன் சார்ஜ் ஏறவில்லையா? டவுனுக்கு பஸ் ஏறுமுன் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்

சார்ஜ் ஏறாத போனைத் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ போய் வந்தால் அன்றைய பேர் (நாள் சம்பளம்) போச்சு. பஸ் காசு தனி. கடைக்காரர் டோர்ச் அடித்துப் பார்த்து, குச்சியால் கொஞ்சம் அழுக்கை எடுத்துவிட்டு "சரி, கொண்டு போங்க" என்றால் அழுவதா சிரிப்பதா? இந்தக் கோளாறுகளில் பெரும்பகுதி கேபிளிலும் சார்ஜ் குத்தும் ஓட்டையிலும்தான் இருக்கும். சுவரில் தொடங்கி போன் வரைக்கும் வரிசையாக வாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். சார்ஜர், கேபிள் இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது பழுது என்று கடைசிவரை தெரியாது.

1. ப்ளக் பேஸ்

தோட்டத்து லயத்து வீடுகளில் ஒரே ப்ளக் பேஸில் மல்டி பிளக், அதில் டீவி, அயன், இரண்டு போன். உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு தளர்ந்து போயிருக்கும். சார்ஜரை நேரடியாகச் சுவரில் குத்திப் பாருங்கள். குத்தியபின் ஆடினாலோ, மெல்லிய 'சிர்' சத்தம் வந்தாலோ அந்த இடம் வேண்டாம்.

"கரண்ட் குறைவு, அதான் ஏறல" என்பது எல்லார் வாயிலும் வரும் காரணம். சார்ஜரின் பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள்: 100-240 வோல்ட் என்று இருக்கும். நம் நாட்டுக் கரண்ட் 230 வோல்ட். மாலையில் எல்லா வீட்டிலும் லைட் போட்டு அது 180க்கு இறங்கினாலும் நல்ல சார்ஜருக்கு ஒன்றும் ஆகாது. பல்ப் மங்குவதை வைத்து போனைப் பற்றி முடிவு செய்யாதீர்கள்.

2. கேபிள்

முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அதே சார்ஜர், அதே கேபிளில் வீட்டிலுள்ள வேறொரு போனைப் போட்டுப் பாருங்கள். அதுவும் ஏறவில்லை என்றால் உங்கள் போனில் குற்றமில்லை. பிறகு கேபிளை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

மெதுவாக ஏறுகிறதென்றால், கேபிள் மெல்லியதா, நீளமா என்று பாருங்கள். மெல்லிய கம்பியுள்ள ஒரு மீட்டர் கேபிளில் 2 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 0.8 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 5 வோல்ட் புறப்பட்டு 4.2 தான் வந்து சேரும். பேட்டரி நிறையும்போது அதன் வோல்ட்டே 4.2க்கு மேல் போய்விடும். பிறகு எங்கே ஏறுவது? பாதி வரை ஏறி அப்புறம் இழுத்துக்கொண்டு நிற்பதற்கு இது ஒரு காரணம். இரண்டு மீட்டர் மலிவு கேபிளை வாங்கி, படுத்துக்கொண்டே போன் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

ஆண்ட்ராய்ட் போன் என்றால் 'ஆம்பியர்' என்ற செயலியைப் போட்டுப் பாருங்கள். 5 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜரில் பாதிச் சார்ஜ் இருக்கும்போது ஆயிரம் மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் நல்லது. இருநூறு, முந்நூறில் நின்றால் கேபிளையோ சார்ஜரையோ மாற்றுங்கள்.

3. ஓட்டை

கேபிளைக் குத்தும்போது 'டக்' என்று உட்கார வேண்டும். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றால், அல்லது லேசாக இழுத்ததும் கழன்றால், உள்ளே அழுக்கு அடைந்திருக்கிறது. சட்டைப் பையின் பஞ்சு, ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்பவர்களுக்குத் தேயிலைத் தூள், அடுப்படிக் கரி எல்லாம் சேர்ந்து அடியில் ஒரு மெத்தை மாதிரி அமுங்கிக் கிடக்கும். ஒவ்வொரு முறை குத்தும்போதும் நாமே அதை இன்னும் அழுத்துகிறோம்.

போனை ஆஃப் செய்யுங்கள். டோர்ச் அடித்துப் பாருங்கள். டைப்-சி ஓட்டையின் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு தெரியும். கரண்ட் எடுக்கும் பின்களெல்லாம் அதன் இரண்டு பக்கமும் இருக்கின்றன. அது உடைந்தால் கதை முடிந்தது. ஊக்கு, ஊசி, சிம் பின் எதையும் விடாதீர்கள். பல்குத்தியின் நுனியைப் பிளேடால் தட்டையாகச் சீவுங்கள். பல்குத்தி இல்லையா, காய்ந்த விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றைச் சீவினாலும் போதும். நாக்கைத் தொடாமல் ஓரச் சுவரை ஒட்டி அடிவரை இறக்கி, சுரண்டாமல், அழுக்கை மெதுவாக வெளியே வாரி எடுங்கள். நான்கைந்து தடவையில் பஞ்சு உருண்டையாக வந்துவிடும். வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

பின்களில் பச்சையோ கறுப்போ தெரிந்தால் அது ஈரம் தின்ற இடம். எலக்ட்ரானிக் சாமான் கடையில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கேளுங்கள். மென்மையான சிறு பிரஷில் ஒரு துளி தொட்டுத் தேய்த்து, அரை மணி நேரம் காயவிட்டுக் குத்துங்கள்.

4. மிஸ்டும் குளிரும்

நம் மலைநாட்டுப் பக்கத்துக்கே உரிய தொல்லை இது. வெளியே குளிரில் கிடந்த போனை அடுப்புச் சூட்டில் கொண்டுவந்து வைத்தால், கண்ணாடியில் முத்து முத்தாக நீர் பூப்பது போலவே ஓட்டைக்குள்ளும் பூக்கும். 'ஈரம் இருக்கிறது' என்று திரையில் எச்சரிக்கை வந்து சார்ஜ் நின்றுவிடும். அது பழுதில்லை, போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஓட்டை கீழே பார்க்கப் பிடித்து உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டுங்கள். கேபிள் நுனியையும் துடையுங்கள். காற்றோட்டமான இடத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். அரிசிக்குள் புதைப்பது வீண், மாவுத்தூசிதான் உள்ளே போகும். அடுப்புக்கு மேலே பரணில் வைப்பது அதைவிட மோசம், சூட்டில் பேட்டரி கெடும்.

நுவரெலியா 1868 மீட்டர் உயரம். ஜனவரி, பெப்ரவரி விடியலில் கொழுந்து கருகுமளவுக்கு உறைபனி விழும் இடம். 0 பாகைக்குக் கீழே லித்தியம் பேட்டரியில் சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகப் பழுதாகும். அதனால் குளிர்ந்த போன் தானாகவே மெதுவாக ஏற்றும், அல்லது மறுக்கும். இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) கிடந்த போனை இருபது நிமிடம் சட்டைக்குள் வைத்திருந்து பிறகு குத்துங்கள்.

இடிக்கு ஒரு வார்த்தை. மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் பின்னேர இடி வழக்கம். மேகம் கறுத்ததும் ப்ளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. ட்ரிப் சுவிட்ச் இடியைத் தடுக்காது.

5. போனுக்குள்

ஒரு தடவை ரீஸ்டார்ட். 80 சதவீதத்தில் நின்றால் செட்டிங்ஸில் பேட்டரிப் பாதுகாப்பு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிக்னல் ஒரு கோடு மட்டும் வரும் தோட்டங்களில் போன் டவரைத் தேடியே சார்ஜைத் தின்னும். ஏற்றும்போது ஏரோபிளேன் மோடில் போடுங்கள்.

நாட்கணக்கில் செத்துக் கிடந்த போனென்றால் குத்தியதும் திரை வராது. அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள்.

6. நிறுத்த வேண்டிய இடம்

திரை ஓரம் எழும்பியிருந்தால், பின்மூடி உப்பியிருந்தால், பேட்டரி வீங்கிவிட்டது. சார்ஜ் போடக்கூடாது, அமுக்கக்கூடாது, ஊசி கீசியால் குத்தித் துளைக்கக்கூடாது. குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவே கூடாது. இதற்கு மட்டும் யோசிக்காமல் பஸ் ஏறுங்கள்.

மற்றபடி, மேலே சொன்னதெல்லாம் பார்த்தும் ஏறவில்லை என்றால் கடைதான். பல போன்களில் சார்ஜ் ஓட்டை அடியில் ஒரு தனிச் சிறு போர்டில் இருக்கும்; அதை மட்டும் மாற்றலாம். எடுத்ததும் 'ஐசி போயிட்டு' (சார்ஜைக் கட்டுப்படுத்தும் சிப் பழுது) என்று சொன்னால், முதலில் அந்தச் சப் போர்டை மாற்றிச் சோதித்தார்களா என்று கேளுங்கள். கழற்றிய போர்டைக் கையில் வாங்குங்கள். பேசும் மைக்கும் பெரும்பாலும் அதே போர்டில்தான் இருக்கும். ஆகவே காசு கொடுக்குமுன் கடையில் நின்றபடியே வீட்டுக்கு ஒரு கோல் எடுத்து, உங்கள் குரல் கேட்கிறதா என்று கேளுங்கள். டைப்-சி என்றால் கேபிளைத் திருப்பிப் போட்டும் பாருங்கள், இரண்டு பக்கமும் ஏற வேண்டும்.