ஸ்பெஷல் டீச்சர் நிஜமாவே வர்றாங்களா, ரெஜிஸ்டர்ல மட்டும் வர்றாங்களா? கண்டுபிடிக்கிறது எப்படி

என் பையனுக்கு செரிப்ரல் பால்சி (மூளை முடக்குவாதம்), நாலாவது படிக்கிறான், தர்மபுரி பக்கம் கிராமத்து கவர்மென்ட் ஸ்கூல். வாரம் ஒருநாள் சிறப்பாசிரியர் (மாற்றுத்திறனாளி பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கற ஸ்பெஷல் டீச்சர்) வருவாங்க, வட்டார வள மையத்துல (ஒன்றியத்துல இருக்கற கல்வித்துறை மையம்) பிஸியோதெரபி குடுப்பாங்கன்னு சேக்கும்போதே சொன்னாங்க. ஒரு வருசம் கழிச்சு பாத்தா, அவன் காய்ச்சல்ல வீட்ல கிடந்த நாளுக்கும் பயிற்சி குடுத்ததா ரெஜிஸ்டர்ல எழுதியிருக்கு. அன்னிக்கு எனக்கு வயிறு எரிஞ்சுது, அதுக்கப்புறம்தான் இதெல்லாம் கத்துகிட்டேன்.

முதல்ல ஒரு நோட்டு போடுங்க. தேதி, யார் வந்தாங்க, எவ்ளோ நேரம், என்ன சொல்லிக் குடுத்தாங்க, அவ்ளோதான். பிள்ளைக்கு பேச வராதுன்னா கூடப் படிக்கிற பிள்ளைங்ககிட்ட சாயந்தரமே கேட்டுருங்க. யாரும் வரலேன்னா "வரல"ன்னு எழுதுங்க, காலியா விடாதீங்க. நம்ம ஊர்ல நெறைய பேரு பெங்களூருக்கு கட்டட வேலைக்குப் போயிடறாங்க, பிள்ளை பாட்டிகிட்டதான் இருக்கும், அவங்களுக்கு எழுத வராது, மாசக் காலண்டர்ல டீச்சர் வந்த நாளுக்கு வட்டம் போடச் சொல்லுங்க, அதுவே போதும்.

அடுத்தது ஹெச்.எம்.முக்கு லெட்டர். வாய்ல கேட்டா "பாக்கலாம்மா"ன்னுதான் பதில் வரும். எந்த டீச்சர், எந்த கிழமை, இந்த வருசம் என் பிள்ளைக்கு என்ன கத்துக் குடுக்கறதா இருக்கீங்க, பிஸியோ எப்ப, போக்குவரத்துப் படி என்னாச்சுன்னு தனித்தனியா கேளுங்க. ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போயி ஒண்ணுல சீல் தேதியோட கையெழுத்து வாங்கிக்கோங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 16வது பிரிவுன்னு ஒரு வரி சேத்துருங்க, பிள்ளைக்குத் தேவையான உதவியும் குடுக்கணும், முன்னேற்றத்தையும் கண்காணிக்கணும்னு அதுலதான் இருக்கு.

ஒண்ணு சொல்லணும், வர்ற டீச்சர் மேல பாயாதீங்க. ஒருத்தரே பல ஸ்கூலுக்கு பஸ் ஏறி அலையறாங்க. சுப்ரீம் கோர்ட்டு 2021ல உத்தரவு போட்டதுக்கப்புறம், தொடக்கப்பள்ளில 10 மாற்றுத்திறனாளி பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதுக்கு மேல 15 பிள்ளைக்கு ஒருத்தர்னு மத்திய அரசு 2022லயே அறிவிச்சிருச்சு. ஆள் போடாதது மேல இருக்கறவங்க தப்பு, அதையும் மனுவுல எழுதுங்க.

ஹெச்.எம்.கிட்டேர்ந்து பதிலே வரலேன்னா ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு. 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, முதன்மைக் கல்வி அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்க. "ஏன் செய்யல"ன்னு கேக்காதீங்க, என் பிள்ளை பேர்ல இந்த தேதிலேர்ந்து இந்த தேதி வரைக்கும் இருக்கற வருகைப் பதிவு, பயிற்சிப் பதிவு நகல் வேணும்னு கேளுங்க. 30 நாள்ல பதில் தரணும். வந்ததை நோட்டோட ஒப்பிட்டுப் பாருங்க, எந்த நாள் பொய்னு உங்களுக்கே தெரிஞ்சுரும்.

நோட்டையும் ஆர்டிஐல வந்த நகலையும் ஜெராக்ஸ் எடுத்து திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனுவா குடுங்க, ரசீது வாங்காம வெளிய வராதீங்க. அங்கயும் நகரலேன்னா சென்னைல மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு தபால்லயே புகார் அனுப்பலாம்.

பத்தாவது போற பிள்ளை இருந்தா, பரிச்சைல எக்ஸ்ட்ரா ஒரு மணி நேரம், சொல்றதை எழுத ஆளு, இதுக்கெல்லாம் வருச ஆரம்பத்துலயே ஹெச்.எம். மூலமா அப்ளை பண்ணிருங்க, பரிச்சை நெருக்கத்துல ஓடினா கஷ்டம்.

எங்க பையனுக்கு இப்ப வியாழக்கிழமைல டீச்சர் வர்றாங்க, பென்சில் பிடிக்கிறான். போன வாரம் வரல, நோட்டுல எழுதிட்டேன்.