புதிதாக ப்ராடக்ட் மேனேஜரா? முதலில் கரைக்குப் போங்கள்

மீன் விற்பனைச் செயலிக்கு ப்ராடக்ட் மேனேஜராகச் சேர்ந்திருக்கிறீர்களா? ரோட்மேப், அதாவது செயலியில் அடுத்து என்னென்ன செய்வது என்ற திட்டம், போடுவதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். பாம்பனிலோ மண்டபத்திலோ மீன் ஏலம் நடக்கும்போது ஓரமாக நின்று பாருங்கள். ஈர விரல் பட்டால் தொடுதிரை மக்கர் பண்ணும். வெயில் ஏறினால் வெளிர்சாம்பல் எழுத்து கண்ணுக்கே தெரியாது. ஆபீஸ் ஏசியில் இதெல்லாம் பிடிபடாது.

அங்கிருப்பவர்களிடம் “இந்த வசதி வேணுமாண்ணே?” என்று கேட்டால், மனசு நோகக்கூடாதென்று “வேணும்” என்றுதான் சொல்வார்கள். “நேத்து எப்படிக் கணக்கு முடிச்சீங்க?” என்று கேளுங்கள், சட்டைப்பையிலிருந்து நோட்டு வெளியே வரும். உங்கள் உண்மையான போட்டி அந்த நோட்டுதான்.

அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது பயன்பாடு சரிந்தால் பதறி, பட்டன் நிறத்தை மாற்றாதீர்கள். நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. நாட்டுப்படகுக்காரர்களின் பயன்பாட்டைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள்.