பைக்கை நிறுத்த எவ்வளவு தூரம் வேண்டும்?

பைக் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது நிற்கும் தூரத்தைத்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடந்துவிடும். குறுக்கே வரும் நாயைக் கண் பார்த்து, விரல் பிரேக்கைத் தொடவே அந்த ஒரு நொடி போய்விடுகிறது. அப்புறம்தான் பிரேக் பிடிக்கும். காய்ந்த தார்ச்சாலையில், நல்ல டயரோடு, இன்னும் 20 மீட்டராவது வேண்டும். வேகத்தை 30 ஆக்கினால் அந்த 20 மீட்டர் வெறும் 5 ஆகிவிடும். பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதாவது வேகம் பாதியானால் அந்தத் தூரம் கால்வாசியாகிவிடும். தெருவுக்குள் மெதுவாகப் போங்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

முன் பிரேக்கைக் கண்டு பயப்படாதீர்கள். பிரேக் போட்டதும் எடை முன்சக்கரத்துக்கு வருகிறது, பிடிமானம் அங்கேதான் கூடுகிறது. பின்சக்கரம் லேசாகி சட்டென்று வழுக்கும். ஹேண்டிலை நேராக வைத்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்து, எலுமிச்சை பிழிவதுபோல் படிப்படியாக அழுத்துங்கள். வளைவு வருகிறதா, அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

முன்னால் போகும் பஸ் ஒரு மின்கம்பத்தைக் கடந்ததும் 'ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு' என்று எண்ணுங்கள். முடிப்பதற்குள் கம்பம் வந்துவிட்டால் ரொம்ப நெருங்கிவிட்டீர்கள். மழையில் ஆயிரத்து நான்கு வரை எண்ணுங்கள், முக்கியமாக முதல் தூறலில். அப்போதுதான் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் குழைந்து வழுக்கும்.