வருமான வரி ரீஃபண்ட பழைய பாக்கியில கழிச்சா என்ன பண்ணணும் – என் அனுபவம்

கிருஷ்ணகிரில இருந்து டெய்லி ஓசூருக்கு வேலைக்கு போற ஆளு நான், ரீஃபண்ட் வரும்னு பாத்தா 1961 வருமான வரிச் சட்டம் 245 பிரிவுல மெயில் வருது, பழைய வருச பாக்கிக்கு கழிச்சுக்கறோம்னு. அந்த வருசம் கம்பெனிக்காரங்க சம்பளத்துல புடிச்ச வரிய (டிடிஎஸ்) என் பான் நம்பர்ல ஏத்தவே இல்ல. பதில் சொல்ல 21 நாள் டைம், விட்டுராதீங்க, அப்புறம் கழிச்சுருவாங்க. வருமான வரி போர்ட்டல்ல பெண்டிங் ஆக்‌ஷன்ஸ் உள்ள போயி டிமாண்ட (அவங்க கேக்கற பாக்கிய) ஒத்துக்கலன்னு போட்டு ஃபார்ம் 16 (கம்பெனி குடுக்கற டிடிஎஸ் சர்டிஃபிகேட்), சம்பள சிலிப்பு எல்லாம் ஏத்துனேன். அது மட்டும் பத்தாதுங்க, கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல விடாம கேட்டு டிடிஎஸ் ரிட்டர்ன திருத்த வெச்சு, 26ஏஎஸ்ல (நம்ம பான்ல ஏறுன வரிக் கணக்கு) வந்தப்புறம் 154 பிரிவுல ரெக்டிஃபிகேஷன் (தப்ப திருத்தச் சொல்லி மனு) போட்டதும்தான் டிமாண்ட் சைபர் ஆச்சு, ரீஃபண்டும் பேங்க்ல ஏறுச்சு. சம்பளத்துல புடிச்சுட்ட வரிய நம்மகிட்ட மறுபடி கேக்கக்கூடாதுன்னு அதே சட்டத்தோட 205 பிரிவே சொல்லுது, பதில்ல அதையும் கண்டிப்பா எழுதுங்க.