பிளஸ் குறி மீது பழி போடாதீர்கள்: சரங்களை இணைக்கும்போது நேரும் தவறுகள்

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் பஸ் நிற்கும் ஊர்களை ஒரே வரியில் எழுத வேண்டும்: அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை, ரெட்டிச்சாவடி, கடலூர். நிரல் எழுதப் பழகும் எவரும் வெற்றுச் சரத்தில் (சரம் என்றால் ஸ்ட்ரிங், எழுத்துகளின் வரிசை) தொடங்கி, திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் பிளஸ் குறி போட்டு ஒவ்வோர் ஊராகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். ஏழு ஊருக்கு அதில் ஒரு குற்றமும் இல்லை. அதே நிரலைப் பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவரின் ஆண்டுக் கணக்கின் மீது ஓடவிட்டால்தான் சிக்கல் தெரியும்.

ஜாவா, சி ஷார்ப், பைத்தான் ஆகிய நிரல்மொழிகளில் ஒரு சரம் உருவானபின் மாறாது. கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்தாலும் புதிய சரம் ஒன்றை உண்டாக்கி, பழையதை முழுவதுமாக அதில் நகலெடுக்க வேண்டும். முள்ளோடையில் ஒருவர் ஏறுகிறார் என்பதற்காக, உள்ளே இருக்கும் அத்தனை பேரையும் இறக்கிச் சற்றே பெரிய இன்னொரு பஸ்ஸில் ஏற்றுவது போன்ற வேலை இது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 எழுத்து கொண்ட 10,000 வரிகளை இப்படி ஒட்டினால், முடிவில் கிடைக்கும் சரத்தின் நீளம் 5 லட்சம் எழுத்துதான். வழியில் நகலெடுத்தவையோ சுமார் 250 கோடி. வரிகள் இரண்டு மடங்கானால் வேலை நான்கு மடங்காகும். பத்து வரி வைத்துச் சோதித்தபோது நன்றாக ஓடிய நிரல், உண்மையான தரவு வந்ததும் படுத்துக்கொள்வதற்குக் காரணம் இந்தப் பெருக்கல்தான்.

இதைக் கேள்விப்பட்டவர்கள் செய்யும் அடுத்த தவறு, துண்டுகளைச் சேர்த்து வைத்து முடிவில் ஒரே சரமாக்கும் ஸ்ட்ரிங்பில்டரைக் கண்ட இடத்திலெல்லாம் கொண்டுவருவது. பெயர், ஊர், தொலைபேசி எண் என மூன்று துண்டுகளை ஒரே வரியில் பிளஸ் போட்டு இணைப்பதில் நட்டமே இல்லை. சி ஷார்ப் கம்பைலர் (நிரலை மொழிபெயர்க்கும் கருவி) அதை ஒரே இணைப்பு அழைப்பாக மாற்றிவிடும். ஜாவாவும் அதைத் தானே கவனித்துக்கொள்ளும். 2017இல் வந்த ஜாவா 9 இதை இன்னும் மேம்படுத்தியது. அங்கே ஸ்ட்ரிங்பில்டர் எழுதுவதால் வேகம் கூடுவதில்லை, படிப்பவருக்குத்தான் தலைவலி. கம்பைலரால் காப்பாற்ற முடியாத இடம் லூப். சுற்றுக்குச் சுற்று வளர்ந்துகொண்டே போகும் சரம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அதை மட்டும் மாற்றினால் போதும்.

மாற்றும்போதும் அரைகுறையாக மாற்றுகிறார்கள். ஸ்ட்ரிங்பில்டரில் துண்டைச் சேர்க்கும் கட்டளையான அப்பெண்டுக்கு உள்ளேயே இரண்டு சரங்களைப் பிளஸ் போட்டுக் கொடுத்தால், தேவையற்ற ஒரு தற்காலிகச் சரம் ஒவ்வொரு சுற்றிலும் பிறக்கும். இரண்டையும் தனித்தனி அப்பெண்டாக எழுதுங்கள். ஜாவாவில் ஸ்ட்ரிங்பில்டரின் தொடக்கக் கொள்ளளவு 16 எழுத்து மட்டுமே. நிரம்பும்போதெல்லாம் ஏறக்குறைய இரண்டு மடங்காக வளரும். முடிவின் நீளம் தோராயமாகத் தெரிந்தால் முதலிலேயே சொல்லிவிடலாம். தெரியாவிட்டால் கவலைப்பட வேண்டாம், அந்த வளர்ச்சிக்கு ஆகும் செலவு பெரிதல்ல.

பைத்தான்காரர்கள் "எனக்கு += (சரத்தின் கடைசியில் சேர்க்கும் குறி) வேகமாகத்தானே ஓடுகிறது" என்பார்கள். உண்மைதான். பைத்தானை ஓட்டும் வழக்கமான இயக்கியான சிபைத்தானில், அந்தச் சரத்தை வேறு எதுவும் சுட்டாதபோது அது இருந்த இடத்திலேயே நீள வாய்ப்புண்டு. ஆனால் அதே சரம் ஒரு ஆப்ஜெக்டின் பண்பாக இருந்தால் அந்தச் சலுகை கிடைக்காது. பைபை என்ற இன்னோர் இயக்கியில் ஓட்டினாலும் கிடைக்காது. இதை நம்ப வேண்டாம் என்று பைத்தானின் எழுத்துநடை வழிகாட்டியான பெப் 8 வெளிப்படையாகவே சொல்கிறது. துண்டுகளைப் பட்டியலில் சேர்த்து, கடைசியில் ஒரே முறை ஜாயின் செய்யுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் கதை வேறு. குரோம் உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் வி8, இணைத்த சரங்களை உடனே நகலெடுக்காமல் மரம் போலக் கோத்து வைக்கும். அங்கே += போடுவதற்குத் தயங்க வேண்டியதில்லை.

ஜாயின் செய்வதில் வேகத்தைத் தாண்டியும் ஒரு பயன் உண்டு. லூப்பில் ஊருக்குப் பின்னால் காற்புள்ளி சேர்த்துக்கொண்டே போனால், கடலூருக்குப் பின்னாலும் ஒன்று தொங்கும். அதை வெட்ட ஒரு நிபந்தனை, பட்டியல் காலியாக இருந்தால் வெட்டாமலிருக்க இன்னொன்று. 2014இல் வந்த ஜாவா 8 முதல் ஸ்ட்ரிங் ஜாயின் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு?

மதிப்பே இல்லாத இடங்களும் கவனத்துக்குரியவை. முருகனுக்குத் தலைப்பெழுத்து பதிவாகவில்லை என்றால் ஜாவா பேசாமல் "நல்" (null, மதிப்பில்லை என்பதன் குறி) என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை முன்னால் ஒட்டி அச்சடித்துவிடும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் சரங்களை இணைக்கும் கான்கேட், முருகனையும் சேர்த்தே விழுங்கிவிட்டு வெறும் நல்லைத் திருப்பித் தரும். அங்கே கான்கேட் டபிள்யூஎஸ் பயன்படுத்தினால் விடுபட்டதை மட்டும் தாண்டிச் செல்லும்.

தமிழில் எழுதும் நமக்கென்று தனிச் செலவுகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்கள் இதைத் தொடுவதே அபூர்வம். "புதுச்சேரி" நம் கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடில் 10 குறிகள். அவற்றைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 30 பைட். எழுத்துகளை எண்ணிக் கொள்ளளவு ஒதுக்கினால் பற்றாது. ஜாவா 9 முதல், லத்தீன்-1 தொகுப்பின் எழுத்துகள் (ஆங்கிலமும் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளும்) மட்டும் உள்ள சரம் எழுத்துக்கு ஒரு பைட்டில் அடங்கும். புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருப் பெயர்களில் வரும் வால்வைத்த சி (ç) கூட அதற்குள் வந்துவிடும். ஆனால் நீண்ட ஆங்கில அறிக்கை ஒன்றின் கடைசியில் "கடலூர்" என்று சேர்த்தால், மொத்த அறிக்கையும் எழுத்துக்கு இரண்டு பைட்டாக ஊதிவிடும். பைத்தானிலும் இதே நிலைதான். தமிழும் ஆங்கிலமும் கலந்த பெரிய கோப்புகளைக் கையாளும்போது நினைவகம் ஏன் திடீரென இரட்டிக்கிறது என்பதற்கு விடை இங்கே இருக்கலாம்.

இதைவிட மோசமானது, கோப்பை 1,024 பைட் துண்டுகளாகப் படித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எழுத்தாக மாற்றி ஒட்டுவது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்; துண்டின் எல்லை அதன் நடுவில் விழுந்தால் அந்த இடத்தில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் முளைக்கும். துண்டின் அளவை மூன்றால் வகுபடும்படி வைத்தாலும் தப்பிக்க முடியாது, ஏனெனில் இடைவெளிக்கும் காற்புள்ளிக்கும் ஒரு பைட்தான். முதலில் பைட்டுகளை இணையுங்கள், பிறகு எழுத்தாக மாற்றுங்கள். அல்லது மிச்சப் பைட்டுகளை அடுத்த துண்டுக்கு எடுத்துச் செல்லும் வாசிப்பானைப் பயன்படுத்துங்கள். ஜாவாவில் இன்புட்ஸ்ட்ரீம்ரீடர் அந்த வேலையைச் செய்யும்.

தரவுத்தளத்திடம் கேட்கும் எஸ்கியூஎல் வினவலில் பயனர் தட்டச்சு செய்ததை எந்த முறையிலும் ஒட்டாதீர்கள். டி'சூசா என்ற பெயரில் வரும் ஒற்றை மேற்கோள் குறியே வினவலை உடைத்துவிடும். கெட்ட எண்ணம் உள்ளவர் அதே வழியில் அட்டவணையையே அழிக்கலாம். மதிப்புகளை வினவலோடு ஒட்டாமல், தனி அளவுருக்களாக அனுப்புங்கள்.

ஒட்டிய சரம் கடைசியில் ஒரு கோப்புக்குத்தான் போகிறது என்றால், ஒட்டுவதே வீண் வேலை. அந்த 10,000 வரிகளையும் இடையகம் (தற்காலிகச் சேமிப்பிடம்) கொண்ட எழுதுவானுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடலாம். ஒரு நேரத்தில் ஒரு வரியும் சில கிலோபைட் இடையகமும் இருந்தால் போதும்.