பான்டூன் படகில் பழைய அவுட்போர்டு: மோட்டாரைக் கொல்லும் தவறுகள்

1960, 70-களில் செய்த ஜான்சன், எவின்ரூட் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள், அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டும் மோட்டார்கள், அமெரிக்காவின் மின்னசோட்டா ஏரிகளில் இன்றும் பான்டூன் படகுகளை (மிதவைக் குழாய்கள் மேல் தட்டையான தளம் போட்டவை) தள்ளிக்கொண்டு போகின்றன. பான்டூன் படகு பிறந்ததும் அந்த மாநிலத்தில்தான். 1952-இல் ரிச்மண்ட் ஊர்க்காரர் ஆம்ப்ரோஸ் வீரஸ் இரும்பு பீப்பாய்களை வரிசையாக ஒட்டி, மேலே மரத்தளம் போட்டார். எவின்ரூட் தயாரிப்பு 2020-இல் நின்றுவிட்டது. இருக்கிற மோட்டாரைக் காப்பாற்றுவதுதான் இனி வழி. இவை வயதாகிச் சாவது அபூர்வம். கவனக்குறைவால் சாவதே அதிகம்.

முதல் தவறு, தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது. "ஸ்டார்ட் ஆகிறதா என்று மட்டும் பார்க்கிறேன்" என்பார்கள். மோட்டாரைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லரை (சுழலும் இறக்கைச் சக்கரம்) குளிர வைப்பதும் வழவழப்பாக வைப்பதும் அந்தத் தண்ணீர்தான். அது இல்லையென்றால் சில நொடிகளிலேயே ரப்பர் தேயத் தொடங்கும். பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, கீழ்ப்பகுதியை முழுக்க மூழ்கவிட்டு ஓட்டுங்கள். பல பழைய மாடல்களில் தண்ணீர் பீய்ச்சும் துளை கிடையாது. அதனால் பம்பு வேலை செய்கிறதா என்பது பார்த்தவுடன் தெரியாது. வாங்கியதும் இம்பெல்லரை மாற்றிவிடுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும் சரி.

அடுத்தது ஆயில் கலவை. ஜான்சன், எவின்ரூட்டில் பொதுவாக 1964-க்கு முந்தையவற்றுக்கு 24:1 (24 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்), பிந்தையவற்றுக்குப் பெரும்பாலும் 50:1. பழைய மோட்டாருக்கு 50:1 ஊற்றினால் பேரிங்குகளுக்குப் போதாது. பைக்குக்கான டூ-ஸ்ட்ரோக் ஆயிலும் வேண்டாம். படகு மோட்டார் ஆயிலுக்கான டிசி-டபிள்யூ3 (TC-W3) என்ற தரக்குறி டப்பாவில் போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் அதையே போடுங்கள்.

கியர் ஆயில் மாற்றும்போது நடக்கும் விபத்து ஒன்று இருக்கிறது. இந்த மோட்டார்கள் பலவற்றில் ஆயில் வடிக்கும் ஸ்க்ரூவுக்குப் பக்கத்திலேயே நட்சத்திரத் தலை ஸ்க்ரூ ஒன்று இருக்கும். அது கியர் மாற்றும் அமைப்பைத் தாங்கும் ஆணி. அதைக் கழற்றினால் உள்ளே உள்ள பாகம் நகர்ந்துவிடும், கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டி வரும். தட்டையான பிளவுள்ள பெரிய ஸ்க்ரூக்களை மட்டும் தொடுங்கள். ஆயிலைக் கீழ்த்துளை வழியாக ஏற்றி, மேல்துளையில் வழியும்வரை விடுங்கள். வடிந்த ஆயில் பால் நிறத்தில் இருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். புது ஆயில் ஊற்றி அதை மறைக்காதீர்கள். மின்சாரத்தால் கியர் மாறும் மாடல் என்றால் அதற்கென்று தனி ஆயில் உண்டு, சாதாரண கியர் ஆயிலை அதில் ஊற்றவே கூடாது.

பான்டூனுக்கே உரிய தவறு புரொப்பெல்லர். வேகப் படகிலிருந்து கழற்றிய மோட்டாரை அதே புரொப்பெல்லரோடு மாட்டுகிறார்கள். பான்டூன் கனமானது, தண்ணீரைக் கிழிக்காமல் தள்ளிக்கொண்டே போகும். மோட்டார் முழு சுற்றை எட்டாமல் திணறும், சூடாகும். பலர் இதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து அதைப் பிரித்துவிடுகிறார்கள். புரொப்பெல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்) ஒரு அங்குலம் குறைந்தால் சுமார் 200 ஆர்பிஎம் கூடும். முதலில் சுற்றுவேகம் காட்டும் டேகோமீட்டர் வைத்துப் பாருங்கள், அப்புறம் கார்புரேட்டரைத் தொடலாம்.

குளிர்காலத்துக்கு நிறுத்தும்போது மோட்டாரைத் தூக்கிய நிலையில் விடாதீர்கள். புரொப்பெல்லர் வழியாக மழையும் பனியும் உள்ளே தேங்கி, உறைந்து, கியர்பாக்ஸின் வெளிக்கூட்டையே பிளந்துவிடும். செங்குத்தாக இறக்கி, தண்ணீர் முழுக்க வடியவிட்டு நிறுத்துங்கள்.